கயிறு பிடித்தவனிடம் கேட்ட கேள்விகள்

சங்கு குளிக்கும் தொழிலுக்கு இரண்டு ஆள் வேண்டும்: கீழே போகிறவன் ஒருவன், மேலே கயிறு பிடிக்கிறவன் ஒருவன். நான் மேலே இருந்தவன். யுத்த காலத்தில் தூத்துக்குடிக் கடலில் நான்கு சீசன் கயிறு பிடித்தேன். எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்தில் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு மணலில் சங்கு பொறுக்குவான். போதும் என்று தோன்றியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். நான் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். அப்படிப் பேர் வாங்கிய வேலைகளில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை இருந்தது. நான் மூன்று வருஷம் குருமடத்தில் படித்தவன். லத்தீன் மண்டையில் ஏறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோணியில் ஏறிய முதல் நாளே ‘பாதிச் சாமியார்’ என்று பேர் விழுந்தது. நாலு நாளில் அது ‘சாமி’ என்று சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், மோட்சமோ நரகமோ, என்னிடம்தான் கேட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதை இப்போதாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சும் மனஸ்தாபமும்

எங்கள் தோணியின் தண்டல் கஸ்பார் மாமா. பாய் கட்டுவது, நங்கூரம் போடுவது, எங்களை அதட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் கயிறு பிடித்தது சூசை அண்ணனுக்கு. முப்பது வயதிருக்கும், அகலமான மார்பு, அதிகம் பேசமாட்டார். ஆழத்துக்கு இழுத்துப்போகிற கல்லில் காலை வைத்து அவர் இறங்கியதும் நான் மனதுக்குள் பரமண்டல மந்திரம் சொல்லத் தொடங்குவேன். மூன்று முறை சொல்லி முடிப்பதற்குள் கயிறு சுண்டும். முடிந்தும் சுண்டவில்லை என்றால் யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும். கடிகாரம் இல்லாத தோணியில் எனக்கு அதுதான் கடிகாரம்.

முதல் வாரத்தில் ஒரு நாள், கரைக்காற்றில் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தபோது சூசை அண்ணன் கேட்டார். “சாமி, பாவசங்கீர்த்தனம் செய்யாம ஒருத்தன் கீழயே செத்துப்போனா எங்கன போவான்?” நான் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஆரம்பித்தேன். பாவத்தைச் சொல்லக் குருவானவர் இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபம் போதும். சர்வேசுரனை மனநோகச் செய்தோமே என்று ஒரு கணம் உண்மையாக வருந்தினால் அவர் கைவிடமாட்டார். ஒரே கணம் போதும் என்று விரலை நீட்டிச் சொன்னேன். தோணியில் மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். சூசை அண்ணன் சங்கு போடும் இடுப்பு வலையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்:

“அங்கன கெடக்கும்போது மூச்சத் தவிர வேற நெனப்பு வராது, சாமி. மனஸ்தாபம் எல்லாம் மேல வந்த பொறவுதான்.”

சுறாவைக் கட்டிய ஆள்

இரண்டாம் மாதத்தில் சங்குப் பாரில், நாங்கள் குளிக்கும் கடலடித் திட்டில், சுறா திரிவதாகப் பேச்சு வந்தது. பக்கத்துத் தோணியில் ஒருவனுடைய முழங்காலை உரசிக்கொண்டு போனதாம். எங்கள் பக்கத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். கரையில் பட்டினி கிடந்து மந்திரம் சொன்னால் சுறாவின் வாய் கட்டிவிடும் என்பார்கள். கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள்கூட அவரிடம் போவார்கள். நான் விடவில்லை. மாதா படத்தைத் தோணியில் வைத்துக்கொண்டு மந்திரக்காரனிடம் போவது எந்த ஊர் நியாயம் என்று மூன்று நாள் வாதாடினேன். கஸ்பார் மாமா கடைசியில், “சரிலே, நீ சொல்லுதபடியே ஆகட்டும்” என்றார்.

மறுநாள் ஜெபமாலை மட்டும் சொல்லிவிட்டுப் போனோம். மத்தியானம்வரை குளித்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. திரும்பும்போது நான் விசுவாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லாரும் அடக்கமாகக் கேட்டார்கள். அந்த அடக்கத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கரையில் இறங்கித் தோணியை இழுத்து வைத்த பிறகு சூசை அண்ணன் என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

“நேத்து சாயங்காலமே நாங்க எல்லாரும் போயி மந்திரிச்சிட்டு வந்துட்டோம், சாமி. மாதா பொறுத்துக்கிடுவா. சுறா பொறுக்குமா?”

வெள்ளிக்கிழமை

எங்கள் தோணியில் இன்னொரு குளிகாரர் மம்மது காக்கா, காயல்பட்டினத்துக்காரர். வெள்ளிக்கிழமை அவர் கடலுக்கு வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகமாட்டோம். மற்ற ஐந்து நாளும் ஒரே தண்ணீர்ச்சட்டியில் குடித்தோம். அவருடைய தம்பி செய்யது ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தான். அங்கே குண்டு விழத் தொடங்கிய பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை. பல மாதம் கழித்து, மலையும் காடும் கடந்து நடந்தே வந்து சேர்ந்த ஒருவர் தூத்துக்குடிக்கு வந்து மம்மது காக்காவைத் தேடிப் பிடித்தார். செய்யது வழியில் காய்ச்சலோடு படுத்துவிட்டானாம். தண்ணீர் கேட்டானாம். யாரிடமும் தண்ணீர் இல்லை. கூட்டம் நின்றால் எல்லாரும் சாக வேண்டும் என்று விட்டுவிட்டு நடந்தார்களாம்.

அதைக் கேட்டுவிட்டு மறுநாள் மம்மது காக்கா தோணிக்கு வந்தார். வழக்கம்போலக் குளித்தார். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது என்னிடம், “குளிப்பாட்டல, கபன் துணி இல்ல, கபுருக்குழியும் இல்ல. அப்படிக் கெடக்கிறவன அல்லா கண்டுபிடிச்சு எழுப்புவானா? உங்க வேதத்துல என்ன சொல்லுது?” என்று கேட்டார். கடலில் கிடந்தாலும் காட்டில் கிடந்தாலும் ஆண்டவருக்கு அவனவன் இடம் தெரியும் என்றேன். அவர் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். “அவனுக்குத் தெரியும். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எங்க உம்மாக்கு யாரு போயி சொல்லுறது? நீ கூட வாரியா?” என்றார்.

கஸ்பார் மாமாவிடம் சொல்லிவிட்டு அந்த வெள்ளிக்கிழமை நானும் போனேன். கரி போட்டு ஓட்டிய பஸ் வழியில் இரண்டு முறை நின்றது. குறுகிய சந்தில் அவர்கள் வீட்டு வாசலில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கதவோரம் நின்று பேசினார். உள்ளே அந்த அம்மாளை நான் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. வெகுநேரம் அழுகை. பிறகு ஒரே ஒரு கேள்வி: “தண்ணி தவிச்சிச்சாமா எம் புள்ளைக்கு? யாராவது கொடுத்தாங்களா?” மம்மது காக்கா, “கொடுத்தாங்க உம்மா. வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் படுத்தானாம்” என்றார். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கு நடக்கும்போது அவர் பாதி வழியில் நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“நான் சொன்னது பொய்தானே, சாமி. உங்கள்ல இந்தப் பாவத்துக்கு என்ன பேரு?”

மாடசாமியின் பிள்ளை

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். விட்டால் மற்றவற்றை எழுதியதில் அர்த்தம் இல்லை.

மாடசாமி எங்கள் தோணியில் தண்ணீர் இறைப்பவர். பனங்காட்டுப் பக்கம், செம்மணல் தேரியோரத்தில் ஒரு சிற்றூர். வாந்திபேதி பரவிய வருஷம் அது. அவருடைய பதினொரு மாதப் பெண் குழந்தை ஒரே பகலில் போய்விட்டது. எட்டாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தார். வந்தவர் மூன்று நாள் தோணியில் தண்ணீர் இல்லாதபோதும் இறைத்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள், சூசை அண்ணன் அன்றைக்கு ஏழாவது முறையோ எட்டாவது முறையோ இறங்கியிருந்த நேரத்தில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவியின் அண்ணன் குடும்பம் எங்கள் வேதத்தில் சேர்ந்தவர்கள். அந்த வீட்டு மதினி துக்கம் கேட்க வந்தவள், ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் பிள்ளை நேராக மோட்சத்துக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். “எம் பொஞ்சாதி அதுலேருந்து சோறு திங்கல. நெசமா சாமி? அப்ப எம் பிள்ள எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் படித்ததைச் சொன்னேன். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் இடம் உண்டு, அது மோட்சமும் அல்ல நரகமும் அல்ல, அங்கே வேதனை எதுவும் கிடையாது என்று விளக்கினேன். மாடசாமி மெதுவாக, “அங்கன தூக்கி வச்சிக்கிட யாராவது இருப்பாவளா?” என்றார். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் இல்லை என்று தெரிந்ததும் நான் இன்னும் அதிகமாகப் பேசத் தொடங்கினேன். அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். மந்திரத்தை எந்த வரியில் விட்டேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. கயிறு சுண்டியதா என்பதும் தெரியாது.

“ஏலே, கயிறு” என்றார் கஸ்பார் மாமா. சத்தம் போடவில்லை, அந்த இரண்டு வார்த்தைதான். இழுத்தேன். கயிறு கனத்தது. வழக்கமாகப் பாதி தூரத்தில் சூசை அண்ணனே நீந்தி முந்திக்கொண்டு வந்துவிடுவார். அன்று கடைசிவரை நான்தான் இழுத்தேன். மூக்கிலும் இரண்டு காதிலும் ரத்தம். கயிறு கை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மம்மது காக்கா அவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்து நெஞ்சு அசைந்தது. கண் திறக்கவில்லை. பாயை விரித்துக் கரைக்குத் திருப்பினோம். வழியெல்லாம் மாடசாமி சூசை அண்ணனின் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கரை நெருங்கியபோது தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“நான் கேட்டிருக்கக் கூடாது, சாமி. செத்த பிள்ளைக்காக இருக்கவன அள்ளிக் கொடுக்கப் பாத்தேன்.”

ஆஸ்பத்திரி

ஆறு நாள் கழித்துச் சூசை அண்ணன் கண் விழித்தார். வலது கை விளங்கவில்லை. காது இரண்டும் போய்விட்டது. அவர் மனைவி மரியம்மை பகலெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். நான் தினமும் போனேன். போய் நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மரியம்மை தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டேன். நான் கயிற்றைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தேன், மந்திரத்தை விட்டுவிட்டேன், நீங்கள் சுண்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ. சூசை அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, காது கேட்காதவர்கள் பேசுவதுபோல ஓங்கிய குரலில், வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கச் சொன்னார்:

“ஜெபந்தானே சொன்ன, சாமி? ஒதடு அசஞ்சது தெரிஞ்சது. நல்லாருக்கு. நாளைக்கும் வந்து சொல்லு.”

ஐம்பத்துமூன்று மணி

கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கூண்டுக்குள் இருந்த சாமியார் பொறுமையாகக் கேட்டார். வேண்டுமென்று செய்தாயா என்றார். இல்லை என்றேன். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒரு தடவை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். முடித்த பிறகு கோயிலைவிட்டு எழுந்து போக முடியவில்லை. சிறுவயதில் மாங்காய் திருடியதற்கும் இதே அபராதம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே வந்து, கடற்கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்த கஸ்பார் மாமாவிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நான் கயிற்றைப் பார்த்திருந்தால் சூசை அண்ணனுக்கு இப்படி ஆகியிருக்காதா என்று நேராகவே கேட்டேன். அவர் ஊசியைப் பாயில் குத்தி நிறுத்தினார். “ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். காதுல ரத்தம் மூணு நாளா வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, அவன் யார்கிட்டயும் சொல்லல. அது உனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதேன், நெசம் எனக்குத் தெரியாது” என்றார். மறுபடி ஊசியை எடுத்து நாலு தையல் போட்டார். அப்புறம் சொன்னார்:

“சாமியாரு கொடுத்தது போதாதுன்னு நெனைக்கியா? அவரு கயிறு பிடிச்சவரு இல்லலே. அவர்கிட்ட அம்புட்டுதான் இருக்கும்.”

அடுத்த சீசன்

சூசை அண்ணன் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். மரியம்மை மீன் கூடை தூக்கினாள். விடிவதற்கு முன் ஏலத்துக்குப் போய்க் கூடையை அவள் தலையில் ஏற்றிவிடுவது என் வேலையாயிற்று. அவளிடம் நடந்த உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஏலத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னாள். ஒரு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் வேறு யாரும் அகப்படாமல் என் பக்கம் திரும்பி, “ஒரு கை பிடி” என்றாள். அதோடு சரி. சூசை அண்ணன் செத்தபோது அடக்க ஊர்வலத்தில் குருசை முன்னால் பிடித்துப் போகிற வேலையை எனக்குக் கொடுக்கச் சொன்னது அவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன்பு, விபத்துக்கு அடுத்த சீசனில், நான் கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உப்பளத்தில் கணக்கப்பிள்ளைக்குக் கூடமாட இருக்க இடம் பார்த்தாயிற்று. சீசன் தொடங்குகிற வாரம் மம்மது காக்கா வீடு தேடி வந்தார். அவருக்குக் கயிறு பிடித்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். “நீ பிடி” என்றார். வேறு ஆள் பாருங்கள் காக்கா, என் கை நடுங்குகிறது என்றேன். “நடுங்கட்டும். நடுங்காத கைய நான் நம்புறதில்ல” என்றார். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து போகவும் இல்லை.

முதல் நாள் பாரில் நங்கூரம் போட்டதும் அவர் கல்லில் காலை வைத்தார். மாடசாமி தூரத்தில், தோணியின் அந்த முனையில் போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் தோணியில் அடிக்கிற சத்தம் மட்டும். மம்மது காக்கா மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்தி, விட்டுவிட்டார். கல்லிலிருந்து காலை எடுத்தார். எங்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இந்தத் தோணி செத்த வீடு மாதிரி இருந்தால் தன்னால் இறங்க முடியாது என்றார். பிறகு மாடசாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு என் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். மாடசாமி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். மம்மது காக்கா மறுபடி கல்லில் காலை வைத்தார். கயிற்றை என் உள்ளங்கையில் அவரே வைத்து மூடிவிட்டு, இறங்குவதற்கு முன் சொன்னார்:

“அவன் கேட்ட கேள்வி அப்படியே கெடக்கு. பேசு சாமி, வேண்டாங்கல. கயித்தப் பாத்துக்கிட்டே பேசு.”

நான்கு சீசன் அந்தத் தோணியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வியைக்கூட ஒருவரும் கேட்டதில்லை.